கெரெ என்பது கரை அன்று

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கிற நம்மவர்களிடையே ஒரு சொல்லாராய்ச்சி நெடுநாளாக உலவுகிறது. ஏரிக்குக் கன்னடர் சொல்லும் 'கெரெ', நம் 'கரை' திரிந்ததாம். போன மாதம் ஒரு மேடையிலும் இதைக் கேட்டேன், கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ்ப்பற்றின் பெயரால் ஒரு பழந்தமிழ்ச் சொல்லையே புதைக்கிறோம்.

கரையில் இருப்பது இடையின ரகரம். பழங்கன்னடத்தில் கெரெக்கு வல்லின றகரம்; நம் எழுத்தில் 'கெறெ'. கன்னடம் அந்த எழுத்தைப் பின்னால்தான் கைவிட்டது. போதாக்குறைக்கு, கரைக்கு நேரான 'கரெ' கன்னடத்தில் தனியாகவே உண்டு. இதற்குமேல் அந்த வாதத்தோடு மல்லுக்கு நிற்க ஒன்றுமில்லை.

கெறெக்கு நேர் சிறை. இ, எ முன் கன்னடம் ககரத்தைக் காத்த இடத்தில் தமிழ் சகரமாக்கியது: கிவி, செவி, கிறு, சிறு. தெலுங்கில் ஏரி 'செறுவு'. மலையாளத்தில் அணைக்கும் குளத்துக்கும் 'சிற'. திருச்சூரில் வடக்கேச்சிற இருக்கிறது, பிரேம் நசீர் பிறந்த ஊர் சிறயின்கீழ்.

சிறை என்றதும் கம்பிக்கதவை நினைப்பவர்கள் தொல்காப்பியப் புறத்திணையியலைப் புரட்டட்டும். மோதிவரும் படையை ஒற்றை ஆளாகத் தாங்குகிறவனுக்கு அங்கே உவமை கற்சிறை. இன்று நாம் அணை என்பதுதான் அது. புறநானூறு 18இல் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை சொல்லும் குடபுலவியனார், நீர்நிலை அமைத்தவர்களைத் 'தட்டோர்' என்கிறார். தட்டல் என்பது தளைத்தல். சிறை, தளை, கட்டு: ஓடுகிற நீரைப் பிணிப்பதாகவே நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். கன்னடக் 'கட்டெ'யும் இந்த இனமே.

இன்னொரு விந்தை. தமிழில் ஏரி என்றால் நீர்நிலை. கன்னடத்தில் 'ஏரி' என்றால் அதன் கரைமேடு. தொல்காப்பியத்தில் சிறை தடுக்கும் சுவர். கன்னடத்தில் கெரெ தடுக்கப்பட்ட நீர். ஒரே ஏரியின் சுவரும் நீரும் இரு மொழிகளில் பெயரை மாற்றிக்கொண்டு நிற்கின்றன! ஏரியை 'ஏர்' என்பதிலிருந்து பிறப்பிப்பவர்கள் இந்தக் கரைமேட்டை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

கெரெகளால் வாழ்ந்த ஊர் பெங்களூரு. தர்மாம்புதி கெரெ இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி கெரெ கண்டீரவா விளையாட்டரங்கம். 1894இல் அர்க்காவதியில் ஹெசரகட்டத் திட்டம், 1933இல் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி, 1974 முதல் காவிரி என்று நீர் தேடித் தொலைவு போனோம். திப்பகொண்டனஹள்ளிக்குச் சாமராஜசாகர் என்றும், 1911இல் விசுவேசுவரய்யா காலத்தில் வேலை தொடங்கிய பேரணைக்குக் கிருஷ்ணராஜசாகர் என்றும் அரசர் பெயரோடு கடலைச் சேர்த்து வைத்தார்கள். மண்டியாக்காரர் வாயில் அது இன்றும் கன்னம்பாடிக் கட்டெதான். 124.80 அடி நீரைப் பிடித்துவைப்பதைக் கடல் என்பதைவிடக் கட்டு என்பதே பொருத்தம்.

நம் குழாய்க்கு வரும் காவிரி எடுக்கப்படும் இடம் சிவா அனிகட். அணைக்கட்டை ஆங்கிலேயர் அனிகட் ஆக்கினர். கன்னட மண்ணில் அந்த வேடத்திலேயே அது நிற்கிறது. அதைக் கண்டு பூரிப்பவர்கள், பக்கத்துத் தெருவின் கெரெயில் சிறையைக் காணாததுதான் எனக்கு வலிக்கிறது.

கன்னடத்தில் சிறைச்சாலைக்குச் 'செரெமனெ' இருக்கிறதே, ஒரு சொல் எப்படி இரண்டாகும் என்று கேட்பார்கள். கெறெ அந்த மொழியின் வீட்டுப்பிள்ளை. செரெ பின்னால் வந்து சேர்ந்தது. இதுவே என் துணிபு.