தென்னங்கள்

தென்னையின் விரியாத பாளையைச் சீவி வடிக்கும் சாறு தானாகவே புளித்து உண்டாகும் பானம் தென்னங்கள். காவிரிப் படுகையில் நெல்லோடு தென்னையும் செழிக்கும் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்கள் இதற்கு இயல்பான நிலம். பிராமணர்களுக்குக் கொடையளித்த பிரமதேய ஊர்களில், கள் இறக்கும் ஈழவர் தென்னையிலும் பனையிலும் ஏறக்கூடாது என்ற நிபந்தனை சோழர் காலச் செப்பேடுகளில் வருகிறது. விலக்கு எழுதிவைக்கும் அளவுக்குத் தொழில் பரவியிருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் தடைசெய்யப்பட்டுள்ளது. தடை சரியா என்பது தனி விவாதம். அதோடு சேர்ந்து தேய்ந்துவரும் கைத்திறனை ஆவணப்படுத்துவது, அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் செய்தாக வேண்டிய வேலை.

மரம் தரும் சாற்றில் மனிதக் கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் இதமாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவர வேண்டும். தட்டு மிஞ்சினால் பாளை கெடும். குறைந்தால் சாறு இறங்காது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாத கலயத்தில் காற்றிலும் பழைய கள்ளின் கசண்டிலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பும் லேசான சுறுசுறுப்புமாக இருப்பது மாலைக்குள் புளித்துக் கடுக்கும். மேலும் வைத்தால் காடியாகும். ஒரே மரம், ஒரே விடியல். சுவையைப் பிரிப்பது கலயமும் நேரமும்தான். இலங்கையில் இதே கள்ளைக் காய்ச்சி வடித்து, ஹல்மில்ல மரப்பீப்பாய்களில் முதிரவைத்துத் தென்னஞ்சாராயமாக்குகிறார்கள்.

இத்தகைய செய்முறையை எழுதிவைக்க முன்மாதிரியும் உண்டு. ஸ்காட்ச் விஸ்கிக்கு ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு முதிர்வு வேண்டும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத சாராயச் சத்து வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் பிரிட்டன் விதிகள் வரையறுக்கின்றன. அவ்வளவு கட்டுக்கோப்பு சில மணி நேரமே நிலைக்கும் கள்ளுக்குப் பொருந்தாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்த விதிகளின் சாரம் ஆண்டுக்கணக்கில் இல்லை. எதைக் கொண்டு, எங்கே, எப்படிச் செய்தால் இந்தப் பெயருக்கு உரியது என்று எழுதிவைத்ததில் இருக்கிறது. கள்ளுக்கும் பாளை, கலயம், இறக்கிய நேரம் ஆகியவற்றை வைத்து அப்படி எழுத முடியும்.

கள்ளில் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்றார்கள் என்ற குற்றச்சாட்டு கனமானது. மதுவால் குடும்பங்கள் சீரழிவதும் உண்மை. கலப்படத்தைப் பிடிக்கச் சோதனைக்கூடம் தேவை. ஆனால் சுத்தமான கள்ளின் வாசனையும் புளிப்பும் ஒரு தலைமுறைக்கே தெரியாமல் போனால், குடிப்பவருக்கு இருந்த முதல் காப்பும் போய்விடும். 2017இல் புளிக்காத தென்னஞ்சாறான நீராவை இறக்கத் தமிழ்நாடு அரசு அனுமதித்தது. அதற்கும் பாளை சீவத் தெரிந்த அதே கை வேண்டும். குளிரூட்டிய பெட்டி சாற்றைக் காக்கும், சீவித் தராது. தடை தொடர்ந்தாலும் நீங்கினாலும், மரமேறிகளின் அறிவை அவர்கள் சொற்களிலேயே பதிவுசெய்வதும், அவர்களை மதிப்போடு தொழிலில் நிறுத்துவதும் காவிரி டெல்டா வேளாண்மைக்கு லாபமே.