தொழிலாளர் விடுதி சாரணர் வீடான கதை

மலாக்காவின் நியாலாஸ் பக்கம் இருக்கும் குனோங் லேடாங்கின் உச்சி 1,276 மீட்டர். சுவிட்சர்லாந்தின் கண்டர்ஸ்டெக் கிராமம் அதைவிட நூறு மீட்டர் தாழ்வில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆல்ப்ஸ் மலை. குளிர்காலத்தில் கூரையும் வேலியும் பனிக்குள் போய்விடும். அந்தக் கிராமத்தில் உலகச் சாரணர்கள் தங்கள் சொந்த வீடாகக் கொண்டாடும் ஒரு பெரிய மரவீடு உண்டு. அது முதலில் எழுந்தது ரயில் சுரங்கம் வெட்ட வந்த தொழிலாளர்களுக்காக. தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்த வீட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1906இல் லோட்ச்பெர்க் மலையைக் குடையும் வேலை தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய ஏழைகள். 1908 ஜூலை 24 அதிகாலை, காஸ்டர்ன் பள்ளத்தாக்குக்கு அடியில் வெடி வைத்தார்கள். மேலே கெட்டிப் பாறை இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இருந்ததோ ஆற்று மணலும் சரளையும் தண்ணீரும். எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே கொட்டியதில் 25 பேர் புதைந்துபோனார்கள். அந்தப் பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, சுரங்கத்தை வளைத்துக் கொண்டுபோனார்கள். அந்த வளைவையும் சேர்த்து 14.6 கிலோமீட்டர். 1913இல் ரயில் ஓடியது, தொழிலாளர்கள் கலைந்தார்கள், விடுதி காலியானது.

வேலை முடிந்த இடத்தில் தொழிலாளர் குடியிருப்புக்கு என்ன கதி நேரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வீட்டுக்கு மட்டும் வேறு விதி வாய்த்தது. 1920இல் லண்டன் ஒலிம்பியாவில் முதல் உலகச் சாரணர் ஜம்போரி நடந்தது. அந்தக் கூடல் கலைந்துபோகாமல் எந்நாளும் ஓரிடத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஆசைப்பட்டார். சுவிஸ் சாரணர் தலைவர் வால்ட்டர் வான் பான்ஸ்டெட்டன் போன்றவர்கள் முன்நின்றார்கள். பாழடைந்து கிடந்த விடுதி 1923இல் அனைத்துலகச் சாரணர் இல்லமானது. 1931இல் மூத்த சாரணர்களான ரோவர்களின் முதல் உலகக் கூடலும் அங்கேதான் நடந்தது.

குளிர்காலம் வந்தால் அந்த ஊரில் பனிச்சறுக்குதான். இன்று கம்பியில் தொங்கியபடி மேலே போய்விடலாம். சுவிட்சர்லாந்தில் சறுக்குபவர்களை இழுத்துச் செல்லும் முதல் லிஃப்ட் டாவோஸில் வந்ததே 1934இல்தான். அதுவரை மலைரயில் இல்லாத சரிவுகளில் காலால்தான் ஏற வேண்டும். சறுக்குப்பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைப் பட்டையாக வெட்டிக் கட்டுவார்கள். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் தடுக்கும் அல்லவா? அந்தத் தோலும் அப்படித்தான். பலகை முன்னால் நழுவும், பின்னால் சறுக்காது. மூச்சு வாங்க மணிக்கணக்கில் ஏறி, உச்சியில் தோலை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களில் கீழே வந்துவிடுவார்கள். சாரணப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எது? அந்த ஏற்றத்தில்தான் பிள்ளைகள் பொறுமையும் துணைக்கு நிற்பதும் கற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

   

கண்டர்ஸ்டெக்குக்கு அடுத்த பள்ளத்தாக்கான அடெல்போடனில் 1932இல் சாரணியர்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. பணம் தந்தவர் ஹெலன் ஸ்டாரோ என்ற அமெரிக்கப் பெண்மணி. அதே வழியில் 1966இல் இந்தியாவின் புனேயில் ‘சங்கம்’ என்ற சாரணியர் இல்லம் எழுந்தது. அது நம் பிள்ளைகள் போய்வரக்கூடிய தூரம்தான்.

கண்டர்ஸ்டெக் வீடு திறந்த அதே 1923இல்தான் மலாயாவின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தச் சட்டத்தின் பலத்தில் நின்றவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் போனார்கள், லயங்கள் பல இடங்களில் இருந்த சுவடே இல்லாமல் போயின.

ஜாசின் வட்டாரத்துப் பள்ளி வாரியங்களுக்கும் சாரணப் பொறுப்பாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பக்கத்தில் ஒரு லயமாவது இடிபடாமல் காலியாக நின்றால், தோட்ட நிர்வாகத்திடம் போய்க் கேளுங்கள். கூரையை மாற்றி, கிணற்றைத் தூர்வாரி, பிள்ளைகள் தங்கி லேடாங் ஏறிவரும் சாரணர் இல்லமாக ஆக்குங்கள். அங்கே வாழ்ந்து உழைத்தவர்களின் பெயர்களை வாசலில் எழுதி வையுங்கள்.