ராக்கெட்டுக்கு எதற்கு வர்ணம்?

சில நிமிடங்களில் கண்ணை விட்டு மறையப் போகும் ராக்கெட்டுக்கு யாராவது மெனக்கெட்டு பெயின்ட் அடிப்பார்களா? அடித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வரலாறே உண்டு.

1942 அக்டோபர் 3. ஜெர்மனியில் பால்டிக் கடலோரம் பீனமுண்டேவிலிருந்து ஏ-4 ராக்கெட் 80 கி.மீ.க்கும் மேல் உயரத்தைத் தொட்டது. அதன் உடம்பில் கருப்பும் வெள்ளையுமாகப் பெரிய கட்டங்கள். ஒரே நிறத்தில் இருக்கும் உருளை தன்னைத் தானே சுற்றினாலும் சுற்றாதது போலத்தான் தெரியும். கட்டங்கள் இருந்தால், எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பியது என்று படச்சுருளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதே ராக்கெட் வி-2 என்ற பெயரில் ஆயுதமானது. மிட்டல்வெர்க் சுரங்கத் தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகளைக் கசக்கிப் பிழிந்து அதைத் தயாரித்தார்கள். 1944 செப்டம்பரில் பாரிஸ் மீதும் லண்டன் மீதும் விழத் தொடங்கியபோது கட்டங்கள் போய்விட்டன. எதிரி விமானங்களின் கண்ணில் படாதபடி மண்ணோடும் மரத்தோடும் கலந்துவிடும் நிறங்கள் வந்தன. பார்ப்பதற்காகப் பூசிய வர்ணம், ஒளிப்பதற்காகப் பூசும் வர்ணமாக மாறியது.

போருக்குப் பின் வான் பிரவுனும் அவருடைய குழுவினரும் அமெரிக்கா போனார்கள். கருப்பு வெள்ளையும் கூடவே போனது. 1966 மே மாதம் புளோரிடாவில் சாட்டர்ன்-5 இன் மாதிரி ஒன்று வெளியே வந்தது. பறப்பதற்கல்ல, ஏவுதளத்தோடு பொருத்திப் பார்ப்பதற்கு. அதன் முதல் அடுக்கில், இரண்டு தொட்டிகளுக்கு இடைப்பட்ட பகுதி கருப்பு. வெயிலில் உள்ளே சூடு ஏறியது. எனவே பறந்த ராக்கெட்டுகளில் அந்த இடம் வெள்ளையானது. ஒரு நிறத்தை மாற்றியே கோளாறைச் சரி செய்தார்கள்!

வர்ணத்துக்கு எடையும் உண்டு. விண்வெளி ஓடத்தின் பெரிய வெளித்தொட்டி 1981இல் முதல் இரண்டு பயணங்களிலும் வெள்ளையாக இருந்தது. புற ஊதாக் கதிர்களிலிருந்து நுரைப் பூச்சைக் காக்க அது தேவை என்று நினைத்தார்கள். தேவையில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். மிச்சமானது சுமார் 270 கிலோ. 1982 மார்ச்சில் மூன்றாவது பயணத்திலிருந்து நாம் படங்களில் பார்க்கும் அந்த ஆரஞ்சு நிறம், பெயின்டே அடிக்காத நுரையின் நிறம்தான்.

சரி, வீட்டில் ராக்கெட் செய்பவர்கள் மட்டும் ஏன் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து இத்தனை பாடுபடுகிறார்கள்? வழவழப்பான உடம்பைக் காற்று குறைவாகத் தடுக்கும். பளிச்சென்ற நிறம் இருந்தால், பாராசூட்டில் இறங்கிப் புல்வெளியில் விழுந்ததைத் தேடிப் பிடிக்கலாம். இரண்டும் நல்ல காரணங்கள்தான். ஆனால் அவை மட்டுமல்ல.

2009 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு சாட்டர்ன்-5 பறந்தது. அசலில் பத்தில் ஒரு பங்கு: 36 அடி உயரம், சுமார் 750 கிலோ. செய்தவர் ஸ்டீவ் ஈவ்ஸ், ஒஹாயோவில் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் வேலை செய்தவர். 4,440 அடி உயரம் போய், பாராசூட்டில் இறங்கியது. அது உருள்வதைப் படம் பிடித்து ஆராய எந்த விஞ்ஞானியும் காத்திருக்கவில்லை. இருந்தும் அதே கருப்பு, அதே வெள்ளை.

ஒரு காலத்தில் அளவுகோலாக இருந்த கட்டங்கள், இன்று நிலவுக்குப் போன ராக்கெட்டின் முகமாகிவிட்டன. அந்த முகம் இல்லாமல் அதைச் செய்ய அவருக்கு மனம் வந்திருக்குமா?