ரொட்டி அடுப்பின் மிச்சச் சூடு

தமிழ்நாட்டில் பேரிக்காயைப் பேரிப்பழம் என்று சொல்பவர்கள் அரிது. பழுத்த பிறகும் அது நமக்குக் காய்தான். ஊட்டியிலும் கோடைக்கானலிலும் சாலையோரத்தில் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருகிற அந்தக் கடினமான காயை ஒருமுறை கடித்தவர்களுக்கு இந்தப் பெயரின் நியாயம் விளங்கிவிடும். இன்றைய சமையல் குறிப்புகள் சொல்லும் பேரிக்காய் வற்றல் வேறு ரகம். நன்கு கனிந்த, சாறு வழியும் வில்லியம்ஸ் ரகக் காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நிறம் மாறாமலிருக்க எலுமிச்சைச் சாற்றில் முக்கி, மின் உலர்த்தியில் 57 டிகிரி செல்சியஸில் வைத்தால் உடம்புக்கு நல்ல நொறுக்குத்தீனி தயார் என்கின்றன அவை. நல்ல பழம் அழுகி வீணாகாமலிருக்கக் கண்டுபிடித்த பழைய வழி, இன்று ஆரோக்கிய உணவாகத் திரும்பி வந்திருக்கிறது என்றொரு கதையும் கூடவே வரும். இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லை. ஐரோப்பிய வீடுகளில் பேரிக்காயை உலர்த்தும் வழக்கத்தை வளர்த்தவை இரண்டு மிச்சங்கள்: பச்சையாகத் தின்ன முடியாத காய்கள், ரொட்டி சுட்ட பிறகு அடுப்பில் தங்கிய சூடு. அவை இருந்தவரை வழக்கமும் இருந்தது.

முதலில் காயைப் பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி 12 புத்தகங்கள் எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, பேரிக்காய் உலர்த்துவதைக் கடைசிப் புத்தகத்தில் சொல்கிறார். அது பண்ணையின் மேற்பார்வைக்காரி கவனிக்க வேண்டிய வீட்டு வேலைகளைப் பற்றிய புத்தகம். ஆப்பிளையும் பேரிக்காயையும் நாணல் கத்தியாலோ எலும்புக் கத்தியாலோ இரண்டு மூன்று துண்டாக வகுந்து வெயிலில் காய வைக்கச் சொல்கிறார். இரும்பை ஏன் விலக்கினார் என்று அவர் விளக்கவில்லை. வாழைப்பூவோ வாழைக்காயோ நறுக்கி இரும்பு அரிவாள்மணையும் விரல்களும் கறுத்துப்போகக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையும் இல்லை. துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அவர் மனதில் இருந்தவை துவர்ப்பு மிகுந்த காய்கள் என்றே இதிலிருந்து ஊகிக்கிறேன். அதைவிட முக்கியமான தகவல் அடுத்து வருகிறது: வற்றல் நிறையச் சேர்ந்தால், குளிர்காலத்தில் கிராமத்தாரின் சாப்பாட்டில் அது சின்னப் பங்காக இருக்காது என்கிறார். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே அதை எண்ணுகிறார். அதே நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினியோ, பேரிக்காயைப் பச்சையாகத் தின்றால் திடகாத்திரமானவர்களுக்கே செரிக்காது, வேக வைத்தால் அற்புதமானது என்கிறார். கி.பி. 800ஐ ஒட்டி மன்னர் சார்லமேனின் அரசுப் பண்ணைகளுக்காக எழுதப்பட்ட ஆணையிலும் இனிப்பான பேரி, சமைப்பதற்கான பேரி, தாமதமாக விளையும் பேரி என்று வகைகள் பிரிகின்றன. சமையலுக்கென்றே ஒரு வகை இருந்த உலகம் அது. வாயில் மணலாக நெருடும் கல் உயிரணுக்களும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும்தான் பேரியின் இயல்பு. வெண்ணெயாகக் கரையும் ரகங்கள் பிற்காலத் தோட்டக்காரர்களின் சாதனை. வில்லியம்ஸ் ரகமே இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஒரு பள்ளி ஆசிரியரின் தோட்டத்தில் 1770ஐ ஒட்டித்தான் தோன்றியது.

அடுத்தது அடுப்பு. ஆல்ப்ஸ் மலைச்சரிவிலும் தென் ஜெர்மனியிலும் புரட்டாசி, ஐப்பசிக்கு இணையான மாதங்களில் வெயிலை நம்ப முடியாது. பனியும் தூறலுமாக இருக்கும். மாடத்தில் பரப்பினால் பூஞ்சைதான் மிஞ்சும். ஆகவே இத்தாலியின் வெயில் செய்த வேலையை அங்கே அடுப்பு செய்தது. செங்கல்லாலோ மண்ணாலோ கட்டிய குவிமாட அடுப்பு அது. உள்ளேயே விறகை எரித்து, மேற்கூரை வெளுக்கும் வரை சூடேற்றி, தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளிவிட்டு, சுவர் உறிஞ்சிக்கொண்ட சூட்டில் ரொட்டி சுடுவார்கள். ஒரு மணி நேரத்தில் ரொட்டி வெளியே வந்துவிடும். சுவரோ மறுநாள் வரைக்கும் கதகதவென்றிருக்கும். விறகின் விலை தெரிந்த குடும்பம் அந்தச் சூட்டை வீணாக்குமா? தட்டுகளில் பேரிக்காயை அடுக்கி உள்ளே தள்ளினார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. சூடு அதிகமாக இருந்தால் மேற்புறம் சட்டென்று இறுகிவிடும், உள்ளே ஈரம் அடைபட்டுப் புளிக்கும். தணிந்துகொண்டே போகும் சூடு, இடையில் ஆற விடுதல், திருப்பிப் போடுதல், அடுத்த முறை அடுப்பு மூட்டும்போது மறுபடியும் உள்ளே தள்ளுதல் என்று படிப்படியாகத்தான் ஈரத்தை வாங்க முடியும். ரொட்டி அடுப்பு ஆறும் விதமும் பேரிக்காய் உலரும் விதமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தின. நூறு கிராம் பச்சைக் காயில் ஏறக்குறைய 84 கிராம் தண்ணீர். அவ்வளவையும் வெளியேற்ற விறகைத் தனியாக எரித்திருந்தால், ஓசியில் கிடைத்த காய்க்கு அது கட்டுப்படியாகாத செலவு.

இப்படி வந்த வற்றலுக்குத் தென் ஜெர்மனியின் ஷ்வாபியாவில் ஹுட்ஸெல் என்றும் ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் க்ளெட்ஸென் என்றும் பெயர். ஹுட்ஸெல் என்ற சொல்லிலிருந்தே சுருங்கித் தளர்ந்த முகத்தைக் குறிக்கும் ஜெர்மன் உரிச்சொல் வந்தது. நாம் ஒல்லிக்காரரை ‘வத்தலும் தொத்தலும்’ என்று சொல்வதைப் போல. டிசம்பர் 21, தோமையார் திருநாளை ஒட்டி இந்த வற்றலை ஊற வைத்து, நறுக்கி, கொட்டைப் பருப்புகளும் சோம்பு வகையும் சேர்த்து, மாவைப் பேருக்குப் போட்டுப் பிசைந்து, கறுத்துக் கனத்த ரொட்டியாகச் சுட்டார்கள். ஜெர்மன் கவிஞர் எடுவார்ட் மோரிகே 1853இல் எழுதிய ஒரு கதையில், வெட்ட வெட்ட மறுபடியும் முழுசாக வளர்ந்துவிடும் ஹுட்ஸெல் ரொட்டி ஒன்று வருகிறது. அட்சய பாத்திரத்தை ஒரு சமூகம் எந்த உணவின் உருவில் கற்பனை செய்கிறதோ, அதுதான் அதன் ஏக்கத்தின் உணவு. கிராமத்துக் குழந்தைக்குக் கிடைத்த அரிய இனிப்பு அது.

இனிப்பு என்று சொன்னவுடனே ஒரு மறுப்பு எழும். சர்க்கரை மலிந்ததால்தானே இந்த வழக்கம் தேய்ந்தது? பெர்லினில் வேதியியலர் மார்க்கிராஃப் 1747இல் பீட்ரூட் குடும்பத்துக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டினார். அவருடைய மாணவர் அஹார்ட் 1802இல் சிலேசியாவில் ஆலை நடத்தத் தொடங்கினார். 1806இல் நெப்போலியன் போட்ட வணிகத் தடை அந்தத் தொழிலுக்கு உரமாயிற்று. நூற்றாண்டின் முடிவில் ஏழை வீட்டுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. இனிப்பு என்ற பதவியைப் பேரி வற்றல் இழந்தது சர்க்கரையால்தான். ஆனால் சர்க்கரையே முழுக் காரணம் என்றால் பிளம் வற்றலும் திராட்சை வற்றலும் கூடவே மறைந்திருக்க வேண்டும். பிரான்சின் ஆஷன் வட்டாரப் பிளம் வற்றல் சர்க்கரை மலிந்த காலத்திலும் விற்றது, இன்றும் விற்கிறது. அது உலர்த்துவதற்கென்றே தேர்ந்தெடுத்து நட்ட பழம். உலர்த்தும் செலவைச் சந்தை கொடுத்தது. வீட்டுப் பேரி வற்றலுக்கு அப்படி யாரும் விலை கொடுக்கவில்லை. அதன் கணக்கே காய் சும்மா, சூடு சும்மா என்பதுதான்.

அப்படியானால் ரிவாரென்? பேரி வற்றலுக்கு விலை கொடுத்த ஊர் அது. என் வாதத்துக்கு எதிராக யாராவது சான்று காட்டினால் முதலில் இந்த ஊரைத்தான் காட்டுவார்கள். பிரான்சின் தூரேன் பகுதியில், ஷினோனுக்குப் பக்கத்தில், ஆந்த்ர் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் இங்கே ‘தட்டிய பேரிக்காய்’ பெரிய தொழில். வேலை இப்படி நடந்தது. காயைக் காம்பு போகாமல் முழுசாகத் தோல் சீவுவார்கள். வில்லோ மரக் குச்சியால் முடைந்த வட்டத் தட்டுகளில் அடுக்கி விறகு அடுப்பில் ஏறக்குறைய நாலு நாள் உலர்த்துவார்கள். பிறகு ஒவ்வொரு காயையும் எடுத்து, அதற்கென்றே செய்த சின்ன அமுக்குக் கருவியில் வைத்துத் தட்டையாக்குவார்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறும், நடுவில் ஈரம் நின்றிருந்தால் கைக்குத் தெரிந்துவிடும், பெட்டியில் அடுக்கவும் வசதி. தட்டிய காய் தோல் துண்டைப் போல, பழுப்பு நிறத்தில், காம்போடு இருக்கும். தின்னும் முன் சிவப்பு ஒயினில் ஊற வைத்தால் பழைய பருமனுக்குத் திரும்பும். கடல் கடந்தும் போன சரக்கு இது. அதிகத் தொலைவில்லாத வில்லேன்-லெ-ரோஷே கிராமத்தில் 1849இல் கூடை முடைபவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முடையத் தெரிந்த கைகளுக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. இங்கே அடுப்பு மிச்சச் சூட்டில் ஓடவில்லை, பேரிக்காய்க்காகவே எரிந்தது. ஆனால் இந்தத் தொழில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் அது படுத்துவிட்டது. நாலு நாள் விறகும், ஒவ்வொரு காய்க்கும் இரண்டு முறை கைவேலையும் கேட்கிற பொருள், டப்பாவில் அடைத்த பழத்தோடு விலையில் மோத முடியாது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர்க்காரர்கள் மீட்டெடுத்தபோது அது அருங்காட்சியகமாகவும் சுற்றுலாப் பண்டமாகவும்தான் எழுந்தது. காசு கொடுத்து எரித்த அடுப்பு எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு ரிவாரென் எனக்குச் சாதகமான சாட்சி.

கலிஃபோர்னியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அங்கே வெயில் சும்மா கிடைத்தது; 20ஆம் நூற்றாண்டில் தட்டுத் தட்டாகப் பேரி உலர்த்தினார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது வில்லியம்ஸ் ரகம், அங்கே அதற்குப் பெயர் பார்ட்லெட். கனிந்த பழம் வெயிலில் கறுக்கும், ஈ மொய்க்கும். ஆகவே கந்தகப் புகை போட்டார்கள். அந்தக் கந்தகத்துக்கு வாஷிங்டனில் வேதியியலர் ஹார்வி வைலி 1907இல் வரம்பு கட்டப் பார்க்க, பழ வியாபாரிகள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடமே முறையிட்டார்கள். பொன்னிறம் கெடாத வற்றல் வேண்டும் என்ற ஆசை சந்தையிலிருந்து வந்தது. க்ளெட்ஸென் கறுப்பாக இருப்பதை எந்தப் பாட்டியும் குறையாக நினைத்திருக்க மாட்டாள். அவளுடைய வீட்டுவேலைக்கும் கலிஃபோர்னியாவின் களத்துக்கும் உறவு பெயரளவில்தான்.

மிச்சங்கள் இரண்டும் மறைந்த விதம் வெவ்வேறு. அடுப்பு மெல்லப் போனது. தீப்பிடிக்கும் பயமும் விறகுப் பஞ்சமும் சேர்ந்து, தென் ஜெர்மானியக் கிராமங்களில் வீட்டு அடுப்புகளுக்குப் பதிலாக ஊர்ப் பொது ரொட்டிக் கூடங்கள் எழுந்தன. பழம் உலர்த்தும் குடில்களை ஊருக்கு வெளியே தள்ளி வைத்ததும் தீயின் பயத்தால்தான். பிறகு பேக்கரிக்காரரின் கடை வந்தது. ரொட்டியைக் கடையில் வாங்குகிற வீட்டில் மிச்சச் சூடு ஏது? மரமோ வெட்டுண்டது. சுவிட்சர்லாந்தில் பேரியையும் ஆப்பிளையும் வாற்றிக் காய்ச்சும் மலிவான சாராயம் அரசுக்குத் தலைவலியாக இருந்தது. 1950களில் தொடங்கி, உயர்ந்து வளரும் பழைய பழமரங்களை வெட்டுவதற்கு மதுத்துறை நிர்வாகமே பணம் கொடுத்தது. சாராயத்தைக் குறி வைத்த கோடரி, வற்றலுக்கான காயையும் சேர்த்து வீழ்த்தியது. குட்டை மரங்களில், ஏணியில்லாமல் பறிக்கிற, கடித்தால் கரைகிற ரகங்கள் அந்த இடத்துக்கு வந்தன.

ஆரோக்கியம் என்ற அடைமொழி கடைசியாக ஒட்டியது. நூறு கிராம் பச்சைப் பேரியில் சர்க்கரை ஏறக்குறைய 10 கிராம். வற்றலில் 60 கிராமைத் தாண்டும். நார்ச்சத்து 3 கிராமிலிருந்து ஏறக்குறைய ஏழரைக்கு ஏறுகிறது. மலச்சிக்கலுக்கு உதவும் சார்பிட்டாலும் இருக்கிறது. ஆகவே ஆரோக்கியம் என்பது பொய்யில்லை. ஆனால் மலைக்கிராமம் அதைப் பொத்தி வைத்தது அந்த 60 கிராமுக்காக; இன்று அதே 60 கிராமைக் கண்டுகொள்ளாமல் நாருக்காக வாங்குகிறார்கள். இயந்திரத்தில் குறிக்கச் சொல்லும் 57 டிகிரி என்பது, ரொட்டி எடுத்த மறுநாள் காலை அந்த மண் அடுப்பு தானாகத் தணிந்து வந்து நிற்கும் சூட்டுக்கு வெகு தூரமில்லை. அந்தச் சூட்டை மணிக்கணக்கில் அதே அளவில் பிடித்து வைக்க இப்போது மின் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பேரிக்காய் ஒன்றுக்காக மட்டும்.