ஸ்டென்ட் வைத்த பிறகும் அடைப்பு வருமா? மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

"அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சாச்சு, இனி கவலை இல்லை." ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஆனால், சரிசெய்த அதே இடத்தில் இரண்டு விதமான பிரச்னைகள் வரலாம்.

ரத்தக்கட்டி: வேகமான ஆபத்து

பலூன் விரியும்போது தமனியின் உட்சுவரில் காயம் ஏற்படுகிறது. கை அறுபட்டால் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். தட்டணுக்கள் வந்து ஒட்டும். ரத்தத்தில் உள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டும். கடைசியில் த்ராம்பின் என்ற நொதி, ஃபைப்ரினோஜன் புரதத்தை வலை போன்ற இழைகளாக்கும். ஸ்டென்டுக்குள் இப்படிக் கட்டி உருவானால் திடீர் மாரடைப்பு வரலாம். இது அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

மறுசுருக்கம்: மெதுவான ஆபத்து

காயம் ஆறும்போது தசை செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, தழும்பு போல உள்ளே வளர்வதுதான் மறுசுருக்கம். பெரும்பாலும் சில மாதங்களில், நடந்தால் நெஞ்சுவலி என்று தெரியவரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வாய்ப்பு அதிகம்.

எண்கள் சொல்வது என்ன?

1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல் இதய பலூன் சிகிச்சையைச் செய்தார். பலூன் மட்டும் பயன்படுத்திய காலத்தில் 100 பேரில் சுமார் 30 முதல் 40 பேருக்கு மறுசுருக்கம் வந்தது. வெறும் உலோக ஸ்டென்டில் அது 20 முதல் 30 ஆனது. மருந்து பூசிய ஸ்டென்ட் அதை 10-க்கும் கீழே கொண்டுவந்தது. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதற்கு ரூ.29,600 என உச்சவரம்பு வைத்தது. வெறும் உலோக ஸ்டென்டுக்கு ரூ.7,260.

அப்படியென்றால் மாத்திரை எதற்கு?

ஸ்டென்டில் பூசிய மருந்து தசை செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. கூடவே, உலோகத்தின் மேல் புதிய உட்படலம் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத உலோகத்தில் ரத்தம் உறையலாம். அதனால்தான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு என்றால் வழக்கமாக 12 மாதங்கள், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதங்கள். ரத்தக்கசிவு அபாயத்தைப் பார்த்து மருத்துவர் இதை மாற்றலாம். பிறகும் ஒரு மாத்திரை பொதுவாகத் தொடரும்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்துவது ஆபத்து. பல் பிடுங்கவோ வேறு அறுவை சிகிச்சைக்கோ மாத்திரையை நிறுத்தச் சொன்னால், முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள்.