லூவெலின், கார்ல் (1893–1962)

அமெரிக்க வணிகச் சட்டப் பேராசிரியர். அந்நாட்டின் சீர்மை வணிகச் சட்டத்தொகுப்பின் தலைமை வரைவாளர். சியாட்டிலில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தார். பதின்ம வயதில் ஜெர்மனியில் பள்ளிப் படிப்பு. 1914இல் பாரிசில் மாணவராக இருந்தபோது போர் மூளவே, ஜெர்மன் படையோடு சேர்ந்து போரிட்டுக் காயமுற்றார். இரும்புச் சிலுவை விருதும் பெற்றார்.

யேலில் சட்டம் முடித்து, நியூயார்க்கில் வங்கி ஒன்றின் சட்டப் பிரிவில் பணிபுரிந்தபின், 1925 முதல் கொலம்பியாவில் கற்பித்தார். 1930இல் விற்பனைச் சட்ட வழக்குத் தொகுப்பும், புதிய மாணவர்களுக்கான ‘த பிராம்பிள் புஷ்’ விரிவுரைகளும் வெளிவந்தன. மானிடவியலாளர் ஹோபெலுடன் செயென் பழங்குடியினரின் வழக்குத் தீர்வுகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1941இல் வந்தது.

அவர் வாழ்க்கையில் மிக விரிவாகப் பதிவானது சட்டத்தொகுப்புக் காலமே. அன்றைய அமெரிக்க விற்பனைச் சட்டம் 1893ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தை ஒட்டியது. 1930ஆம் ஆண்டு இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்துக்கும் அதுவே மூலம். சரக்கின் உடைமை எந்தக் கணத்தில் கைமாறியது என்பதைக் கொண்டே அந்தப் பழைய அமெரிக்கச் சட்டம் பல சிக்கல்களைத் தீர்த்தது. இரண்டு உழவர்கள் நேருக்கு நேர் நின்று குதிரை விற்ற காலத்து விதிகளைத் தொலைதூர வணிகத்தின் மேல் சுமத்துவது தகாது என்று லூவெலின் 1939இல் எழுதினார். அக்கட்டுரைகளின் தலைப்புகளிலேயே குதிரை வருகிறது. விற்றாகிவிட்ட சரக்கு, வாங்கியவர் எடுத்துச் செல்லுமுன் வணிகரின் கிடங்கில் எரிந்துபோனால் இழப்பு யாருக்கு? உடைமை எவருடையது என்று புதிய தொகுப்பு கேட்பதில்லை. வாங்கியவர் கைக்குச் சரக்கு போய்ச் சேரும்வரை இழப்பு விற்ற வணிகருடையது. சரக்கைக் காக்கவும் காப்பீடு செய்யவும் வாய்ப்புள்ளவர் அவரே அல்லவா!

வணிக வழக்குகளின் தொழில்நுணுக்கத்தை அத்துறை வணிகர் குழுவே தீர்மானிக்கட்டும் என்ற அவருடைய அருமையான யோசனை, பிந்தைய வரைவுகளில் கைவிடப்பட்டது. ஆயினும் துறையில் நிலவும் நேர்மையான நடைமுறையை வணிகர் பின்பற்ற வேண்டும் என்ற விதி நிலைத்தது. துணைத் தலைமை வரைவாளர் சோயா மென்ஷிகாஃப், அவருடைய மாணவியாக இருந்து மனைவியானவர். 1947இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் கற்பித்த முதல் பெண்மணியும் அவரே. இறுதி வடிவில் யார் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஜெர்மன் வணிகச் சட்டத்தின் தாக்கத்தைச் சிலர் அழுத்திக் கூறுவர். அவ்வளவு தூரம் போகாதோரும் உண்டு.

1951இல் லூவெலின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தொகுப்பைப் பென்சில்வேனியா 1953இலும், நெடிய ஆய்வுக்குப்பின் நியூயார்க், அவர் மறைந்த 1962இலும் ஏற்றன. லூசியானா மட்டும் விற்பனைப் பகுதியை ஏற்கவில்லை. 2022இல் மின்னணுச் சொத்துகளுக்கெனப் புதிய பகுதி சேர்க்கப்பட்டது.