தமிழ்நாட்டில் பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கிகள்

தமிழ்நாட்டில் பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கிகள் என்பவை காட்டெருது, புலி, சிறுத்தை, கரடி, கடமான், வரையாடு முதலிய பெரிய காட்டு விலங்குகளைச் சுடுவதற்காகச் சென்னை மாகாணத்திலும், விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டிலும் பயன்பட்ட ரைபிள்களும் அவற்றின் குறிபார்க்கும் கருவிகளும் ஆகும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. எனவே இன்று தமிழ்நாட்டில் வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது. எந்த விலங்குக்கு எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி அக்காலத்தில் வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. விலங்கு ஒரே குண்டில் சாகுமா, காயத்துடன் தப்பி ஓடுமா என்பது பெரும்பாலும் அதையே சார்ந்திருந்தது.

யாரிடம் துப்பாக்கி இருந்தது

பாளையக்காரர் போர்கள் முடிவுற்றபின், 1801 டிசம்பரில் ஆங்கிலேயர் வெளியிட்ட அறிக்கை தென்பாண்டிச் சீமை மக்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. இதனால் விலையுயர்ந்த வேட்டை ரைபிள்கள் ஆங்கிலேய அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், சமீன்தார்கள் ஆகியோரிடமே சேர்ந்தன. காட்டோரச் சிற்றூர்களில் புழங்கியது நாட்டுத் துப்பாக்கி. இது வாய்வழியே கருமருந்தும் ஈயக் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படுவது. குழலின் உட்புறம் மழமழப்பாக இருப்பதால் குண்டு சுழலாமல் செல்லும். சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் குறி தவறும். ரைபிளின் குழலுக்குள் வெட்டப்பட்ட திருகு வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நேராகப் பறக்கிறது.

குழல் விட்டமும் குண்டின் எடையும்

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பெரிய விலங்குக்குப் பெரிய குண்டு என்பதே விதியாக இருந்தது. இலங்கையில் நுவரெலியாவில் வாழ்ந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், ஏறத்தாழ 21 பவுண்டு எடையுள்ள ஒற்றைக்குழல் ரைபிள் ஒன்றை 1840 இல் செய்வித்தார். கருமருந்து குண்டுக்கு மிகுந்த வேகம் தராது என்பதால் எடையைக் கூட்டித்தான் வலிமையைப் பெற முடிந்தது. துப்பாக்கியைத் தூக்கி வரவே ஓர் ஆள் தேவைப்பட்டது.

நூற்றாண்டின் இறுதியில் கார்டைட் எனும் புகையற்ற வெடிமருந்து வந்ததும் நிலைமை மாறியது. சிறிய குண்டும் மிகுந்த வேகத்தில் சென்று ஆழமாகத் துளைத்தது. ஆனால் வெப்பநாட்டில் கார்டைட் ஒரு சிக்கலை உண்டாக்கியது. தோட்டா சூடேறினால் வெடிப்பழுத்தம் கூடும். சுட்டபின் பித்தளைக் கூடு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். பாயும் காட்டெருதின் முன் இது நேர்ந்தால் இரண்டாம் குண்டுக்கு வழியில்லை. இதனால் இந்தியாவுக்கான தோட்டாக்களில் மருந்தைச் சற்றுக் குறைத்து அடைத்தனர். .450/.400 போன்ற நீண்ட, அழுத்தம் குறைந்த தோட்டாக்கள் இங்கு விரும்பப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். (குழல் விட்டம் அங்குலக் கணக்கில் குறிக்கப்படுகிறது; .450 என்பது 0.45 அங்குலம்.)

அரசின் அச்சமும் துப்பாக்கியின் அளவை முடிவு செய்தது. 1907 வாக்கில் .450 அளவு ரைபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டது. படையினரின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் அளவும் அதுவே என்பதால், அத்தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போகலாம் என்று அஞ்சினர். இலண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470, .475 என அளவைச் சிறிது மாற்றி விற்றன. காட்டெருதுக்கு இவற்றிடையே வேறுபாடு தெரிந்திருக்காது. இதே வழக்கம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. படைத் தோட்டாவான .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவாக இருந்ததால், இந்தியப் படைக்கலத் தொழிற்சாலை ஆசுத்திரிய மான்லிக்கர் தோட்டாவைத் தழுவிய .315 ரைபிளைப் பொதுமக்களுக்கு உருவாக்கியது.

நிலமும் தொலைவும்

துப்பாக்கித் தெரிவில் விலங்கின் பருமனைவிடச் சுடும் தொலைவே பல வேளைகளில் முதன்மை பெற்றது. தமிழ்நாட்டில் மூவகை நிலங்களைச் சொல்லலாம்.

சோலைக் காடுகளிலும் மூங்கில் புதர்களிலும் காட்டெருதோ கரடியோ 30, 40 மீட்டருக்குள்தான் கண்ணில் படும். இங்கு அருகிருந்து சுடும் கனமான இரட்டைக்குழல் ரைபிள் சிறந்ததாகக் கருதப்பட்டது. இரண்டு குழல், இரண்டு விசை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சுடும்.

நீலகிரி, ஆனைமலைப் பாறை முகடுகளில் வாழும் வரையாட்டுக்கு இது பயன்படாது. 200 மீட்டருக்கு அப்பாலிருந்து சுட வேண்டியிருந்ததால் .275, .256 போன்ற சிறுவிட்ட, மிகுவேக ரைபிள்கள் ஏற்றவையாக இருந்தன. 1877 இல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கத்தின் முயற்சியாலும் 1879 ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தாலும் உரிமமும் வேட்டை ஓய்வுக் காலமும் நடைமுறைக்கு வந்தன. வரையாட்டில் முதுகில் வெளிறிய சேணம் போன்ற திட்டுடைய முதிர்ந்த கிடாவையே சுடலாம் என்பது மரபு. அத்திட்டைத் தொலைவிலிருந்து அடையாளம் காணக் கைத் தொலைநோக்கி வேண்டியிருந்தது. இங்குத் தொலைநோக்கியின் முதல் வேலை எதைச் சுடக் கூடாது என்று காட்டுவதாகவே இருந்தது.

மூன்றாவது திறந்த சமவெளி. தூத்துக்குடி மாவட்டத்தில் சாயர்புரத்திற்கு மேற்கே வல்லநாட்டுக் குன்றும் முட்புதர் வெளியும் இதற்கு எடுத்துக்காட்டாகும். வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடமாக இது குறிப்பிடப்படுகிறது. வெளிமான் மறைவில்லாத தரையில் மேய்வது. நெடுந்தொலைவிலேயே மனிதரைக் கண்டு ஓடிவிடும். அதனால் சமவெளி வேட்டைக்கும் தட்டையாகப் பறக்கும் சிறுவிட்டக் குண்டே ஏற்றது. வல்லநாட்டில் 1987 இல் 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பு வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

குறிபார்க்கும் கருவிகள்

அக்கால ரைபிள்களில் பெரும்பாலானவை குழலின் முனையில் ஒரு மணியும் பின்புறம் பிளவுள்ள தகடும் மட்டுமே கொண்டவை. துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் கிடைத்தது. தென்னிந்திய வேட்டையில் அது பரவாததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. கண்ணுக்கும் வில்லைக்கும் சில அங்குல இடைவெளியே இருக்கும். கனத்த ரைபிளின் பின்னுதைப்பில் கருவி புருவத்தைக் கிழித்துவிடும். உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும் என்பதால், 20 மீட்டரில் பாயும் விலங்கு வில்லைக்குள் வெறும் மயிர்த்திரளாகத் தெரியும். பருவமழையில் உள்ளே ஈரம் கோத்து வில்லை மங்கும். ஈரத்தைத் தடுக்க உள்ளே நைட்ரசன் நிரப்பும் முறையை அமெரிக்காவின் லியூபோல்ட் நிறுவனம் 1947 இல்தான் கொண்டுவந்தது.

மங்கிய ஒளியில் ஒரு தொலைநோக்கி எவ்வளவு உதவும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் வில்லையும் 4 மடங்கு உருப்பெருக்கமும் உடையதில் இது 8 மில்லிமீட்டர். இருளில் மனிதக் கண்மணி விரியும் அளவு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் என்பதால் அது போதுமானதாகும். அதே வில்லையில் உருப்பெருக்கத்தை 8 ஆக்கினால் கற்றை 4 மில்லிமீட்டராகக் குறைந்து, அந்திப் பொழுதில் உருவம் இருண்டுவிடும்.

காயம்பட்ட விலங்கு

பொருந்தாத துப்பாக்கியின் விளைவைக் காட்டும் பெயர்பெற்ற சான்று வடநாட்டினது. 1907 இல் குமாவுன் பகுதியில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது என்பது கார்பெட்டின் முடிவு. தமிழ்நாட்டின் பென்னாகரம், சவளகிரி, சேகூர்க் காடுகளைப் பற்றி எழுதிய பெங்களூரு எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பயன்படுத்தியது .405 வின்செஸ்டர் ரைபிள். அவருடைய முதல் வேட்டை நூல் 1954 இல் வெளிவந்தது.

சட்டமும் துப்பாக்கியும்

யானைக்கு 1873 ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் தனிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1972 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முழுதும் தடுக்கவில்லை என்பது பலர் அறியாதது. முதல் அட்டவணை விலங்குகளை மட்டும் விலக்கி, ஏனையவற்றைச் சிறப்பு வேட்டை விலங்கு, பெருவேட்டை விலங்கு, சிறுவேட்டை விலங்கு எனப் பிரித்து உரிமம் வழங்க அது இடமளித்தது. துப்பாக்கி வகையையும் அச்சட்டமே வரையறுத்தது. முதலிரு வகை விலங்குகளை ரைபிளால் மட்டுமே சுட வேண்டும். ஒற்றைக் குண்டு இட்ட ரவைத் துப்பாக்கிக்குத் தனி அனுமதி தேவை. இரவிலும், நீர்நிலைகளில் காத்திருந்தும், வாகனத்திலிருந்தும் சுடக் கூடாது. வெடிபொருள், நஞ்சு, கண்ணி ஆகியவை தடுக்கப்பட்டன. நூறாண்டு வேட்டை அனுபவத்தில் திரண்ட ஒழுங்குகள் இவ்வாறு சட்ட வாசகமாயின. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம முறையை நீக்கியதால் இவ்விதிகளும் சட்டத்திலிருந்து அகன்றன.

தற்போதைய பயன்பாடு

மனித உயிருக்கு ஊறு விளைவிக்கும் விலங்கைக் கொல்ல, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஆணை வேண்டும். நீலகிரியில் 2014 சனவரியில் ஆட்கொல்லிப் புலி ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டது. 2021 இல் டி23 எனப்பட்ட புலியைப் பொறுத்தவரை வேட்டை ஆணை பிறந்தும், சென்னை உயர்நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அக்டோபர் 15 அன்று மசினகுடியருகே மயக்க ஊசி செலுத்தி அப்புலி பிடிக்கப்பட்டது. 2023 சூன் மாதம் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானையும் மயக்க ஊசியால் அடக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மயக்க ஊசித் துப்பாக்கி வேகம் குறைந்தது. சில பத்து மீட்டர் அருகில் சென்றாக வேண்டும். ஆகவே நெருங்கிச் சென்று சரியான தசையில் குறிவைக்கும் பழைய வேட்டைத் திறன் இதற்கும் தேவைப்படுகிறது.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. சட்டத்திற்குப் புறம்பாகப் பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய் எனும் வெடி உருண்டை, அதைக் கடிக்கும் யானையின் தாடையையும் சிதைக்கிறது. வாய் புண்ணான யானை உண்ண முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து இறக்கிறது.

வரையாடுகள் 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 எண்ணப்பட்டன. கணக்கெடுப்போர் கையில் இருந்தவை கைத் தொலைநோக்கிகள்.